இருட்டறையில் மலர்ந்த உண்மை
(ரோசலிண்ட் பிராங்க்ளின் அம்மையாரின் வாழ்க்கை வரலாறு)

முன்னுரை

இருட்டு என்றால் நம்மில் பலருக்கு அச்சம். மாலைப் படிப்பு நேரத்தில் மின்சாரம் நின்றுவிட்டால் எழும் கூக்குரலே அதற்குச் சான்று. ஆனால் இவ்வுலகில் சில உண்மைகள் இருட்டிலேதான் கண் திறக்கின்றன. எக்ஸ் கதிர் பட்ட பிலிம் தாளை இருட்டறையில் மருந்து நீரில் இட்டுப் பொறுமையோடு காத்திருந்து, உயிரின் இரகசியங்களுள் ஒன்றைக் கண்டவர்களுள் ஒரு பெண்மணியும் உண்டு. அவர் பெயர் ரோசலிண்ட் பிராங்க்ளின்.

அறிவியல் பாடத்தில் டி.என்.ஏ. பற்றிப் படிக்கும்போது வாட்சன், கிரிக் என்னும் இரு பெயர்களை நாம் மனப்பாடம் செய்கிறோம். முறுக்கிய ஏணி போன்ற அந்தப் படத்தையும் அழகாக வரைகிறோம். அந்த ஏணிக்கு ஆதாரமாக நின்ற நெகட்டிவ் யாருடைய ஆய்வில் கிடைத்தது என்று கேட்டால் நம்மில் எத்தனை பேர் விடை கூறுவோம்? அந்த விடையைத் தேடிச் சென்றபோது நான் அறிந்தவற்றை இங்கு எழுதுகிறேன்.

பிறப்பும் கல்வியும்

ரோசலிண்ட் அம்மையார் 1920ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 25ஆம் நாள் இலண்டன் மாநகரில் வசதியான யூதக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். தந்தையார் எல்லிஸ் பிராங்க்ளின் வங்கித் தொழில் புரிந்தவர். ஓய்வு நேரத்தில் தொழிலாளர் கல்லூரி ஒன்றில் கற்பித்தவர். தாயார் மியூரியல். ஐந்து மக்களுள் ரோசலிண்ட் இரண்டாமவர்.

அக்காலத்தில் பெண்களுக்கு இயற்பியலும் வேதியியலும் முறையாகக் கற்பித்த பள்ளிகள் மிகச் சில. அவற்றுள் ஒன்றான புனித பவுல் பெண்கள் பள்ளியில் பயிலும் பேறு அவருக்குக் கிடைத்தது. அறிவியலே தம் வாழ்வு என்று பள்ளி நாட்களிலேயே அவர் உறுதி செய்துகொண்டார். பள்ளியை விட்டுச் செல்கையில் ஆண்டுக்கு 30 பவுன் உதவித்தொகை கிடைத்தது. ஜெர்மனியில் இட்லரின் கொடுமைக்கு அஞ்சி மக்கள் அகதிகளாக ஓடிவந்த காலம் அது. அந்தத் தொகையைத் தகுதியுள்ள ஓர் அகதி மாணவருக்கு விட்டுக்கொடுக்குமாறு தந்தை சொன்னார். பிள்ளைகளுக்குக் கொடுக்கக் கற்பித்த குடும்பம் அது.

1938இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் நியூன்ஹாம் மகளிர் கல்லூரியில் சேர்ந்தார். 1941இல் இறுதித் தேர்வில் தேறினார். ஆனால் அந்நாளில் கேம்பிரிட்ஜில் பெண்கள் எவ்வளவு நன்றாகத் தேர்வு எழுதினாலும், ஆண்களுக்குரிய முழு உரிமையுள்ள பட்டம் அவர்களுக்குக் கிடைக்காது. அந்த வேறுபாடு 1948இல்தான் நீங்கியது.

போர்க்காலமும் பாரிஸ் நகரமும்

இரண்டாம் உலகப் போரின்போது, 1942 முதல், அம்மையார் நிலக்கரி ஆராய்ச்சியில் ஈடுபட்டார். நிலக்கரிக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் உள்ளன. அவற்றின் அளவையும், எந்த வாயு அவற்றினுள் புகும் என்பதையும் அளந்தறிந்தார். குண்டு விழும் இரவுகளில் மக்களுக்கு உதவும் விமானத் தாக்குதல் காவல் பணியையும் மனமுவந்து ஏற்றார். நிலக்கரி ஆய்வுக்காக 1945இல் டாக்டர் பட்டம் பெற்றார்.

1947இல் பாரிசுக்குச் சென்று மெரிங் என்னும் அறிஞரிடம் எக்ஸ் கதிர்ப் படக்கலையைக் கற்றார். ஒரு பொருளின் மீது மெல்லிய எக்ஸ் கதிர்க் கற்றையைச் செலுத்தினால், அதன் அணுக்களில் பட்டுக் கதிர்கள் பல திசைகளிலும் சிதறும். அவற்றை ஒரு பிலிம் தாளில் பிடித்தால் புள்ளிகளும் வளையங்களும் கிடைக்கும். புள்ளிகளின் இடத்தையும் கருமையையும் அளந்து கணக்கிட்டால் அணுக்களின் அமைப்பு தெரியவரும். கோலத்தின் புள்ளிகளை மட்டும் பார்த்து முழுக் கோலத்தையும் சொல்வது போன்ற கலை இது. நான்கு ஆண்டுகளில் அம்மையார் அதில் தேர்ச்சி பெற்றார். பாரிஸ் வாழ்க்கை அவருக்கு மிகவும் பிடித்திருந்தது. விடுமுறையில் மலை ஏறுவது அவருடைய பெரு விருப்பம்.

கிங்ஸ் கல்லூரி

1951 ஜனவரியில் இலண்டன் கிங்ஸ் கல்லூரியில் பணி ஏற்றார். தேம்ஸ் ஆற்றின் அருகே அமைந்த அக்கல்லூரியின் முற்றத்தில், போரில் விழுந்த குண்டு தோண்டிய பெரும் பள்ளம் இருந்தது. ஆய்வுத் துறையின் தலைவர் ராண்டல். டி.என்.ஏ. இழைகளை எக்ஸ் கதிரால் ஆராயும் பொறுப்பை அம்மையாருக்கும், ரேமண்ட் காஸ்லிங் என்னும் ஆராய்ச்சி மாணவருக்கும் அவர் ஒப்படைத்தார்.

இங்கேதான் ஒரு தவறு நேர்ந்தது. அதே துறையில் மாரிஸ் வில்கின்ஸ் என்பவர் முன்பே டி.என்.ஏ. ஆய்வில் ஈடுபட்டிருந்தார். இந்தப் பொறுப்பு இனி முழுவதும் அம்மையாருடையது என்ற பொருள்பட அம்மையாருக்குக் கடிதம் எழுதிய ராண்டல், அதை வில்கின்சிடம் தெளிவாகச் சொல்லவில்லை. வில்கின்ஸ் அம்மையாரைத் தமக்கு உதவ வந்தவராக எண்ணினார். அம்மையாரோ தம் பணியில் அவர் தலையிடுவதாக எண்ணினார். அம்மையார் வாதத்தில் கூர்மையானவர். வில்கின்ஸ் கூச்ச இயல்புடையவர். இருவரிடையே மனக்கசப்பு வளர்ந்தது. ஒரு தலைவர் சொல்லாமல் விட்ட ஒரு சொல் எத்தனை துன்பத்திற்கு வித்தாகிறது, பாருங்கள்! ஆண்கள் மட்டுமே அமர்ந்து உணவருந்தும் அறை ஒன்றும் அக்கல்லூரியில் இருந்தது. அந்த ஆய்வுத் துறையில் வேறு பெண்களும் பணி புரிந்தனர் என்பதையும் நேர்மையோடு சொல்ல வேண்டும்.

இருட்டறையின் ஒழுங்கு

அக்காலத்தில் எக்ஸ் கதிர் ஆய்வில் பாதி வேலை இருட்டறையில் நடந்தது. அதை அறிந்தால்தான் அம்மையாரின் உழைப்பு நமக்கு விளங்கும்.

பிலிம் தாள் என்பது ஒளி ஊடுருவும் மெல்லிய தகடு. அதன்மேல் சில்வர் புரோமைடு கலந்த ஜெலட்டின் பூசப்பட்டிருக்கும். எக்ஸ் கதிர் பட்ட இடத்தில் மாற்றம் நிகழ்ந்தாலும், அப்போது கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. தாளை முதலில் டெவலப்பர் என்னும் மருந்து நீரில் இட வேண்டும். கதிர் பட்ட துகள்கள் மட்டும் கருமையான வெள்ளியாக மாறும். மருந்து நீர் ஏறக்குறைய 20 பாகை செல்சியஸ் வெப்பத்தில் இருத்தல் நலம். சூடு மிகுந்தால் தாள் முழுதும் புகை படிந்ததுபோல் ஆகிவிடும். தாளை மெல்ல அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும். காற்றுக் குமிழி ஒட்டினால் அந்த இடத்தில் வெண்புள்ளி விழும். நனைந்த ஜெலட்டின் மிக மென்மையானது. நகம் பட்டாலும் கீறிவிடும்.

சில நிமிடங்கள் சென்றபின், மெல்லிய அமில நீரில் முக்கி டெவலப்பரின் வேலையை நிறுத்துவர். அடுத்து ஹைப்போ எனப்படும் சோடியம் தயோசல்பேட் கரைசல். கதிர் படாத சில்வர் புரோமைடை அது கரைத்து நீக்கும். இதற்குப் பின்னரே வெள்ளை விளக்கைப் போடலாம். பிறகு ஓடும் நீரில் நன்கு கழுவித் தூசி படாமல் கிளிப்பில் மாட்டி உலர்த்த வேண்டும். கழுவுவதில் சோம்பினால், எஞ்சிய ஹைப்போ சில காலத்தில் படத்தைக் கெடுத்துவிடும்.

இத்தகைய இருட்டறை பெரும்பாலும் ஒருவருக்கு மட்டும் உரியதன்று. பலரும் மாறி மாறிப் பயன்படுத்துவது. ஆகவே அதற்கென்று சில ஒழுங்குகள் உண்டு. கதவைத் தட்டிக் கேளாமல் திறக்கக் கூடாது. ஹைப்போ பட்ட கையை டெவலப்பரில் விடக் கூடாது. சிறிது கலந்தாலும் அடுத்து வருபவரின் படம் கெடும். கரைசல் தீர்ந்தால் புதிதாகக் கலந்து, புட்டியில் நாளைக் குறிக்க வேண்டும். ஒவ்வொருவரும் தம் தாளின் ஓரத்தில் அடையாளம் இட வேண்டும். ஒரே கொடியில் பலருடைய நெகட்டிவ்கள் தொங்கும். யாரும் பார்க்கலாம், ஆனால் உரியவரைக் கேளாமல் யாரும் எடுத்துச் செல்வதில்லை. பூட்டு இல்லாத அந்தக் கொடியை நம்பிக்கை ஒன்றே காத்து நிற்கிறது.

51ஆம் படம்

டி.என்.ஏ.வின் எக்ஸ் கதிர்ப் படங்கள் அம்மையாருக்கு முன்னரும் எடுக்கப்பட்டன. இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் ஆஸ்ட்பரி என்பவரும், புளோரன்ஸ் பெல் என்னும் பெண்மணியும் 1938இலேயே படங்களை வெளியிட்டிருந்தனர். 1950இல் வில்கின்சும் காஸ்லிங்கும், சுவிட்சர்லாந்து அறிஞர் சிக்னர் தந்த உயர்ந்த டி.என்.ஏ.வைக் கொண்டு முன்னிலும் தெளிவான படங்களை எடுத்தனர். எனினும் டி.என்.ஏ. ஏன் ஒரு நேரம் ஒருவகைப் படத்தையும், மற்றொரு நேரம் வேறுவகைப் படத்தையும் தருகிறது என்பது புதிராகவே இருந்தது.

அந்தப் புதிரை அவிழ்த்தவர் ரோசலிண்ட் அம்மையார். காரணம் ஈரம்! காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய நூற்றுக்கு 75 என்ற அளவில் இருந்தால் இழை ஒரு வடிவில் உள்ளது. அதை ஏ வடிவம் என்றார். ஈரம் 92 அளவுக்கு உயர்ந்தால் இழை நீரைக் குடித்து நீண்டு, வேறு வடிவம் கொள்கிறது. அது பி வடிவம். உப்புக் கரைசல்களின் வழியே ஹைட்ரஜன் வாயுவைச் செலுத்திக் காமிராவினுள் அனுப்பி, தாம் விரும்பிய ஈரத்தை அவர் நிலைநிறுத்தினார். தலைமுடியை விட மெல்லிய இழையை எடுத்து, நுண்ணிய கதிர்க் கற்றையின் முன் அசையாமல் நிறுத்தும் கைத்திறனும் அவருக்கும் காஸ்லிங்குக்கும் வாய்த்திருந்தது.

1952 மே மாதம். பி வடிவ இழை ஒன்று காமிராவில் வைக்கப்பட்டது. கதிர் அதன்மேல் பட்ட நேரம் ஏறக்குறைய 62 மணி. அதாவது இரண்டரை நாட்களுக்கும் மேல். இடையில் ஈரம் குறைந்தாலோ, இழை சற்று அசைந்தாலோ, இருட்டறைக் கதவை யாரேனும் அறியாமல் திறந்தாலோ அத்தனையும் வீண். தாளைக் கழுவி எடுத்தபோது அதில் தெரிந்தது ஒரு சாய்ந்த சிலுவை. புனித அந்திரேயாவின் சிலுவையைப் போன்ற வடிவத்தில், கரும்புள்ளிகள் வரிசையாக அமைந்திருந்தன. காஸ்லிங் எடுத்த அப்படத்திற்கு 51 என்று எண்ணிட்டனர்.

அந்தச் சிலுவை வடிவமே சுருளுக்கு அடையாளம். புள்ளிகளின் இடைவெளியிலிருந்து சுருளின் ஒரு சுற்று 34 ஆங்ஸ்ட்ராம் என்றும், அடுத்தடுத்த படிகளின் தொலைவு 3.4 ஆங்ஸ்ட்ராம் என்றும் கணக்கிடலாம். ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது ஒரு சென்டிமீட்டரைப் பத்துக் கோடிக் கூறுகளாக்கினால் அதில் ஒரு கூறு. ஒரு கருந்தாளைப் பார்த்து இவ்வளவு சிறியதை அளக்க முடிந்தது என்பதை எண்ணும்போது மெய் சிலிர்க்கிறது!

அம்மையாரோ உடனே விளம்பரம் தேடவில்லை. ஏ வடிவப் படங்களில் புள்ளிகள் மிகுதியாக இருந்ததால், முதலில் அதனைக் கணக்கிட்டு முடிக்க முனைந்தார். ஏ வடிவம் சுருள்தானா என்று சில காலம் ஐயுற்றார். 51ஆம் படம் பல மாதங்கள் காத்திருந்தது. பொறுமை அவருடைய பலம். அதுவே இங்கு அவருக்குத் தாமதமும் ஆயிற்று.

படம் கைமாறியது

கேம்பிரிட்ஜில் ஜேம்ஸ் வாட்சன், பிரான்சிஸ் கிரிக் என்னும் இருவர், சோதனை செய்யாமல் மாதிரி அமைத்தே டி.என்.ஏ.வின் வடிவத்தைக் காண முயன்றனர். 1951 நவம்பரில் அவர்கள் அமைத்த மூன்று இழை மாதிரி தவறானது. அதைக் காண வந்த ரோசலிண்ட் அம்மையார், பாஸ்பேட்டுகள் உள்ளே அல்ல, வெளிப்புறமே இருக்க வேண்டும் என்பதைத் தயங்காமல் எடுத்துரைத்தார். அவர் சொன்னதே சரியாயிற்று.

1953 தொடக்கத்தில் அம்மையார் கிங்ஸ் கல்லூரியை விட்டு விலக இருந்தார். மாணவர் காஸ்லிங் மீண்டும் வில்கின்சின் பொறுப்பில் வந்தார். 51ஆம் படமும் அவர் வழியே வில்கின்சிடம் சென்றது. ஜனவரி 30ஆம் நாள் வில்கின்ஸ் அதை வாட்சனுக்குக் காட்டினார். அம்மையார் அதை அறியார். பிப்ரவரியில், அவருடைய அளவுகள் அடங்கிய ஆய்வறிக்கை ஒன்று பெருட்ஸ் என்னும் அறிஞர் வழியாகக் கிரிக்கின் கைக்கும் போயிற்று. மார்ச் மாதத் தொடக்கத்தில் கேம்பிரிட்ஜில் இரட்டைச் சுருள் மாதிரி எழுந்தது.

இதைத் திருட்டு என்று சிலர் சொல்வர். அவ்வளவு கடுமையான சொல் பொருந்தாது என்பது என் கருத்து. படம் மறைவாக எடுக்கப்படவில்லை. அறிக்கையும் இரகசியமென முத்திரையிட்டதன்று. இணைகள் பொருந்தும் முறையைக் கண்ட வாட்சன், கிரிக் இருவரின் அறிவும் பெரிது. ஆயினும், உரியவரிடம் ஒரு சொல் கேட்டிருக்கலாம் அல்லவா? கேட்டபின் எடுத்திருந்தால் அவர்களுடைய புகழ் ஒரு சிறிதும் குறைந்திராதே!

அம்மையாரும் நெடுந்தொலைவில் இல்லை. இரு வடிவங்களிலும் இரண்டு இழைகள் உள்ளன என்று பிப்ரவரி இறுதியிலேயே தம் குறிப்பேட்டில் முடிவு செய்திருந்தார். மார்ச் 17ஆம் நாளிட்ட அவருடைய கட்டுரைப் படி ஒன்று பின்னாளில் கிடைத்தது. கேம்பிரிட்ஜ் மாதிரி பற்றிய செய்தி கிங்ஸ் கல்லூரிக்கு எட்டுமுன் எழுதப்பட்டது அது.

1953 ஏப்ரல் 25ஆம் நாள் நேச்சர் இதழில் மூன்று கட்டுரைகள் அடுத்தடுத்து வெளிவந்தன. முதலாவது வாட்சன், கிரிக் எழுதியது, இரண்டாவது வில்கின்சும் தோழர்களும் எழுதியது, மூன்றாவது அம்மையாருடையது. 51ஆம் படம் அந்த மூன்றாவது கட்டுரையிலேயே அச்சாயிற்று. வரிசையில் கடைசியாக வந்ததால், பிறர் கண்டதற்குச் சான்று கூற வந்ததுபோல் அது தோன்றியது. அக்கட்டுரையில் ஒன்றைக் கவனியுங்கள். தம் பெயருக்குப் பக்கத்தில் மாணவர் காஸ்லிங்கின் பெயரையும் அம்மையார் சேர்த்திருந்தார். உடன் உழைத்தவரின் பெயரை அவர் மறைக்கவில்லை.

இறுதி நாட்கள்

1953 மார்ச்சிலேயே அம்மையார் இலண்டன் பிர்க்பெக் கல்லூரிக்கு மாறியிருந்தார். அங்கே புகையிலைச் செடியைத் தாக்கும் வைரசை ஆராய்ந்தார். அது உள்ளே வெற்றிடமுள்ள குழல் போன்றது என்பதையும், அதன் ஆர்.என்.ஏ. எங்கே பொதிந்துள்ளது என்பதையும் தெளிவாக்கினார். ஆரன் குளூக் என்னும் இளைஞர் 1954 முதல் அவருடன் உழைத்தார்.

1956இல் அம்மையாருக்குக் கருப்பையின் அருகே உள்ள சினைப்பையில் புற்றுநோய் கண்டது. அறுவை சிகிச்சைகள் நடந்தன. சற்றுத் தேறியதும் ஆய்வுக்கூடத்திற்குத் திரும்பினார். இளம்பிள்ளை வாதத்தை உண்டாக்கும் வைரசை ஆராயவும் தொடங்கினார். 1958 ஏப்ரல் 16ஆம் நாள், 37ஆம் வயதில், இவ்வுலக வாழ்வை நீத்தார். மறுநாள் பெல்ஜிய நாட்டின் பிரசெல்ஸ் நகரில் உலகக் கண்காட்சி திறக்கப்பட்டது. அதில் அவருடைய பணியால் உருவான வைரஸ் மாதிரி மக்களின் பார்வைக்கு நின்றது. அதைக் காண அவர் இல்லை. தம் உயிலில் குளூக்குக்கு 3,000 பவுன் எழுதி வைத்திருந்தார். அந்தக் குளூக் 1982இல் நோபல் பரிசு பெற்றபோது அம்மையாரை நன்றியுடன் நினைவுகூர்ந்தார்.

1962இல் வாட்சன், கிரிக், வில்கின்ஸ் மூவருக்கும் நோபல் பரிசு வழங்கப்பட்டது. அம்மையார் மறைந்து அப்போது நான்கு ஆண்டுகள். 1968இல் வாட்சன் வெளியிட்ட நூலில் அவரைக் கடுகடுப்பான பெண்ணாகச் சித்திரித்தார். எனினும் நூலின் இறுதியில் தம் முதல் எண்ணம் பெரும்பாலும் தவறென்று ஒப்புக்கொண்டார். 2019இல் ஐரோப்பிய விண்வெளி நிறுவனம், செவ்வாய்க் கோளுக்கென உருவாக்கும் ஊர்திக்கு அவர் பெயரைச் சூட்டியது. 2023இல் வரலாற்றாய்வாளர் இருவர் பழைய கடிதம் ஒன்றையும், அச்சேறாத பத்திரிகைக் கட்டுரை ஒன்றையும் ஆராய்ந்து, அவர் நால்வருள் சமமான ஒருவராகவே உழைத்தார் என்று எடுத்துக்காட்டினர்.

முடிவுரை

அன்புத் தோழியரே, ரோசலிண்ட் அம்மையாரின் வாழ்விலிருந்து நாம் கற்க வேண்டியவை இரண்டு என்று எனக்குத் தோன்றுகிறது. ஒன்று, யாரும் பாராத இடத்திலும் வேலையைச் செம்மையாகச் செய்தல். இருட்டறையில் யார் பார்க்கிறார்கள்? ஐந்து நிமிடம் குறைவாகக் கழுவினால் அன்று யாருக்கும் தெரியாது. ஆனால் நாளடைவில் படமே காட்டிக்கொடுத்துவிடும்.

மற்றொன்று இன்னும் முக்கியமானது. தோழியின் ஆய்வகக் குறிப்பேட்டைப் பார்த்து நாம் படம் வரைவதில்லையா? அவள் இல்லாத நேரத்தில் அவளுடைய கட்டுரையை எடுத்துக் குறிப்பு எழுதுவதில்லையா? அது பெரிய குற்றமாக நமக்குத் தோன்றுவதில்லை. எடுக்குமுன் ஒரு சொல் கேட்பதும், மதிப்பெண் வந்தபின் இது அவளிடம் கற்றது என்று சொல்வதும் எளிய செயல்களே. ஆனால் அந்த எளிய சொல் வராமற்போன ஓர் இடத்தில், நன்கு உழைத்த பெண்ணின் பெயர் பல ஆண்டுகள் இருளில் கிடந்தது.

நம் உழைப்பை மறைவில் காணும் இறைவன், பிறர் உழைப்பைப் பெயர் சொல்லிப் போற்றும் நேர்மையான உள்ளத்தை நம் அனைவருக்கும் தந்தருள்வாராக!